வீடும் வாழ்வும்: துருப்பிடித்த தகடும் சாட்சி சொல்லும்



திருவனந்தபுரத்திலும் பிற நகரங்களிலும் வேலையின் நிமித்தம் குடியேறிய நம்மில் அநேகருக்குச் சொந்த ஊரில் ஒரு பழைய வீடு உண்டு. பெற்றோர் இருக்கும்வரை விடுமுறைதோறும் செல்கிறோம். அவர்களுக்குப் பின்பு வீடு பூட்டிக் கிடக்கிறது. பிறகு ஒருநாள் உடன்பிறந்தோர் கூடி, அதை விற்பதென்றோ இடித்துப் பங்கிடுவதென்றோ தீர்மானிக்கிறார்கள். கட்டில், பீரோ, பித்தளை அண்டா ஆகியவற்றுக்குக் கணக்கு எழுதப்படுகிறது. தொழுவத்தின் தடுப்பாகவும், தண்ணீர்த் தொட்டியின் மூடியாகவும், கோழிக்கூட்டின் கூரையாகவும் கிடக்கும் இரும்புத் தகடுகளை ஒருவரும் எண்ணுவதில்லை. பழைய இரும்பு வாங்க வருகிறவர் அவற்றை எடைபோட்டு எடுத்துச் செல்கிறார்.

அந்தத் தகடுகளில் ஒன்று பழைய எனாமல் விளம்பரப் பலகையாக இருக்கக்கூடும். உரம், மண்ணெண்ணெய், தேயிலை, இரும்புக் கலப்பை, தண்ணீர் இறைக்கும் எந்திரம் முதலியவற்றை விவசாயிக்கு அறிமுகப்படுத்த, கடைவாசலிலும் சந்தைச் சுவரிலும் அறையப்பட்ட பலகைகள் அவை. கடை மூடப்பட்டபோதோ பலகை கழற்றப்பட்டபோதோ, மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் நல்ல தகடு என்று கண்ட விவசாயி அதை வீட்டுக்கு எடுத்துவந்து வேறு உபயோகத்துக்கு வைத்துக்கொண்டார். இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும், கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவிலும், மும்பை சோர் பஜாரிலும் பழம்பொருள் வியாபாரிகள் இத்தகைய பலகைகளை விற்கிறார்கள். தேடி வாங்கிச் சேகரிப்போர் நம் நாட்டிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஒரு பலகை நம் வீட்டில் கிடைத்தால் அதை என்ன செய்வது? விற்பதா, புதிதாக்குவதா, அப்படியே வைப்பதா? இம்மாதம் இதைக் குறித்துச் சிந்திப்போம்.

எனாமல் பலகை என்பது என்ன?

எனாமல் என்றவுடன் டப்பாவில் விற்கும் பெயிண்ட் நம் நினைவுக்கு வருகிறது. இது அதுவன்று. நம் பாட்டிமார் உபயோகித்த வெள்ளை எனாமல் தட்டும் குவளையும் எப்படிச் செய்யப்பட்டனவோ, அப்படியே இப்பலகைகளும் செய்யப்பட்டன. இது இரும்பின்மேல் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடி.

மணல், வெண்காரம் முதலியவற்றை உருக்கிக் கண்ணாடியாக்கி, அதைத் தண்ணீரில் கொட்டி நொறுக்கி, மாவுபோல் அரைப்பார்கள். எண்ணெய்ப் பசையும் துருவும் அமிலத்தால் நீக்கப்பட்ட இரும்புத் தகட்டில் அந்தக் கண்ணாடிக் குழம்பைப் பூசிச் சூளையில் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுவார்கள். முதலாவது பூச்சில் கோபால்ட் என்னும் உலோகத்தின் ஆக்சைடு சேர்க்கப்படும். கண்ணாடி இரும்பை இறுகப் பற்றிக்கொள்ள உதவுவது அதுவே. பலகையில் சில்லு பெயர்ந்த இடத்தில் கருநீலமாகத் தெரிகிற அடிப்பூச்சு இதுதான். அதன்மேல் வெள்ளை, பிறகு மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் பூசி, எழுத்து வெட்டிய அச்சுத்தகட்டை வைத்து வேண்டாத பகுதியைத் துடைத்துவிட்டு, மறுபடியும் மறுபடியும் சுடுவார்கள். நான்கு நிறமுள்ள பலகை நான்கைந்து முறையாவது நெருப்புக்குள் சென்று வந்தது. ஆகையால்தான் பழைய பலகையின்மேல் விரலை வைத்துத் தடவினால் எழுத்தின் விளிம்பு மேடாகத் தட்டுப்படுகிறது.

இத்தொழில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பகுதியில் செழித்தது. தொடக்கத்தில் நம் நாட்டுக்குப் பலகைகள் கப்பலில் வந்தன. பின்பு கல்கத்தாவிலேயே ஆலைகள் தோன்றின. பெங்கால் எனாமல் ஒர்க்ஸ், சுர் எனாமல் அண்டு ஸ்டாம்பிங் ஒர்க்ஸ் என்னும் பெயர்கள் பல பழைய பலகைகளின் அடியோரத்தில் சிறிய எழுத்தில் காணப்படுகின்றன. தமிழ் அறியாத ஊரில், தமிழ் எழுத்தை அச்சுத்தகட்டில் வெட்டி வார்த்த பலகைகளும் உண்டு.

இன்னொரு செய்தியும் நமக்குச் சுவையானது. எனாமலுக்கு வெண்மை தர முற்காலத்தில் வெள்ளீயம், ஆன்டிமனி முதலியவற்றின் ஆக்சைடுகளைச் சேர்த்தார்கள். 1940களுக்குப் பின் அந்த இடத்தை டைட்டேனியம் டை ஆக்சைடு பெருமளவில் பிடித்துக்கொண்டது. டைட்டேனியத்தின் தாது மணவாளக்குறிச்சி, சவறா கடற்கரை மணலில் உள்ளது. திருவனந்தபுரம் கொச்சுவேளியில் 1946இல் நிறுவப்பட்டு 1951 முதல் உற்பத்தி செய்த டிராவன்கூர் டைட்டேனியம் ஆலை, அந்த வெண்பொடியைத்தான் செய்கிறது. நாம் அந்த வழியாகப் போகும்போது நினைத்துக்கொள்ளத்தக்க காரியம் இது.

நம் வயல்களுக்கு உரம் வந்த கதை

உரப் பலகையை வெறும் அலங்காரமாகப் பார்த்தால் அதன் பாதிப் பொருள் போய்விடும். அது தொங்கிய காலத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் 1956 அக்டோபர் 31 வரை திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட ஆட்சியின்கீழ் இருந்தன. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை அதற்குத் தண்ணீர் தந்தது. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாய்க் கடை வைத்திருந்தார்கள். அரிசியும் தேங்காயும் மிளகும் கருப்பட்டியும் கைமாறிய அத்தகைய கடைத்தெருக்களே விளம்பரப் பலகைகளுக்கு ஏற்ற இடங்கள்.

நெற்களஞ்சியம் இருந்தும் திருவிதாங்கூருக்கு அரிசி போதவில்லை. பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தனர். பர்மா அரிசி நின்றது. பஞ்சம் வாசலுக்கு வந்தது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த அந்த நாட்களை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருப்போம்.

அந்த நெருக்கடியின் மத்தியில் 1943இல் ‘ஃபாக்ட்’ என்று நாம் அழைக்கும் திருவிதாங்கூர் உர, இரசாயன நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. திவான் சர் சி.பி. இராமசுவாமி ஐயரின் முயற்சியும் சேஷசாயி சகோதரர்களின் தொழில் அனுபவமும் அதில் சேர்ந்தன. ஆலுவாவுக்கு அருகே ஏலூரில் ஆலை எழும்பி, 1947இல் அம்மோனியம் சல்பேட் உற்பத்தி தொடங்கியது. ஆண்டுக்கு 10,000 டன் தழைச்சத்து தரத்தக்கதாய் அது அமைக்கப்பட்டது. நிலக்கரியோ எண்ணெயோ அருகில் கிடைக்காதபடியால் ஆரம்பத்தில் விறகை எரித்து, அதிலிருந்து கிடைத்த வாயுவைக் கொண்டே உரம் செய்தார்கள் என்பது இன்று கேட்போருக்கு வியப்பளிக்கும்.

ஃபாக்டுக்கு வெகுகாலம் முன்பே உரம் நம் பக்கம் வந்துவிட்டது. இராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் 1906இல் சூப்பர் பாஸ்பேட் ஆலை அமைத்திருந்தது. இங்கிலாந்தின் இம்பீரியல் கெமிக்கல் நிறுவனம் அம்மோனியம் சல்பேட்டை இறக்குமதி செய்து விற்றது. ஆனால் சாணமும், தொழு உரமும், குளத்து வண்டலும், கொழிஞ்சித் தழையும், புண்ணாக்கும் போட்டுப் பழகிய விவசாயி, சர்க்கரை போன்ற ஒரு வெள்ளைப் பொடியை நம்பி வயலில் இறைப்பதற்கு ஒரு தூண்டுதல் தேவைப்பட்டது. வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்படி பலகைகள் படத்தால் பேசின. முற்றிய கதிர், உழுகிற காளை, நிறைந்த களஞ்சியம் ஆகியவை சொல்லாமல் சொல்லின.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பலகை விளைச்சலைக் காட்டியது, கடனைக் காட்டவில்லை. உரத்துக்குக் கொடுத்த பணம் அறுப்பு வரைக்கும் வட்டியுடன் நின்றதை அது சொல்லவில்லை. சாணத்துக்கும் பசுந்தழைக்கும் ஒருவரும் பலகை தொங்கவிடவில்லை. அவற்றை விற்று இலாபம் அடையும் நிறுவனம் இல்லை. அதே சமயத்தில், உரம் வந்தபின்பு பல வீடுகளில் பசி குறைந்தது என்பதும் மெய். ஆகையால் பலகையைக் கண்டு பழங்காலம் எல்லாம் பொற்காலம் என்று ஏங்கவும் வேண்டாம். பழையது எல்லாம் அறியாமை என்று தள்ளவும் வேண்டாம். அது ஒரு குடும்பத்தின் வயலில் நேர்ந்த மாறுதலுக்குச் சாட்சியாய் இருக்கிறது. மீதியைச் சொல்ல வேண்டியவர்கள் நம் வீட்டு முதியோர்.

பலகையின் வயதை அறிவது எப்படி?

பெரும்பாலான பலகைகளில் ஆண்டு எழுதப்பட்டிருக்காது. ஆயினும் எழுத்தும் அளவும் காசும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். இதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்துபார்த்தால் சரித்திரப் பாடம் வீட்டுக்குள்ளேயே நடக்கும்.

தமிழ் எழுத்து: யானையின் துதிக்கைபோல் மேலே சுழித்த பழைய ‘லை’, ‘னை’ இருந்தால், பெரும்பாலும் 1978க்கு முற்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ‘குடி அரசு’ இதழ் 1935 முதலே புதிய எழுத்தைக் கையாண்டபடியால், புதிய எழுத்து இருப்பதை மாத்திரம் கொண்டு பலகை பிற்காலத்தது என்று முடிவு செய்யலாகாது.

மலையாள எழுத்து: கூட்டெழுத்துகள் நிறைந்த பழைய வடிவமானால், 1971இல் கேரள அரசு எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முற்பட்டதாக இருக்க வாய்ப்புண்டு.

காசு: விலை ‘சக்கரம்’ என்று இருந்தால் அது திருவிதாங்கூர் நாணயக் காலம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அந்த நாணயம் 1949உடன் முடிந்தது. ‘அணா’ என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முற்பட்டது. ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது.

எடை: இராத்தல், அந்தர் என்றிருந்தால் பெரும்பாலும் மெட்ரிக் அளவுக்கு முற்பட்டது. கிலோகிராம் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

பெயர்கள்: மண்ணெண்ணெய்ப் பலகையில் ‘பர்மா ஷெல்’ என்றிருந்தால், அந்த நிறுவனம் 1928இல் உருவாகி 1976இல் அரசுடைமையாயிற்று என்பது எல்லையைக் காட்டும். ‘சென்னை மாநிலம்’ என்பது 1969 ஜனவரியில் ‘தமிழ்நாடு’ ஆயிற்று. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால், 1972 ஆகஸ்டு 15க்குப் பிற்பட்டது.

ஒரு அடையாளம் ஒரு பக்கத்து எல்லையை மாத்திரம் சொல்லும். இரண்டு மூன்று அடையாளங்கள் ஒத்துப்போனால் ஓரளவு நிச்சயிக்கலாம்.

பழுதுபார்த்தலா, புதிதாக்குதலா?

எனாமல் வெயிலுக்கு வெளுக்காது, மழைக்குக் கரையாது. ஆனால் அது கண்ணாடியானபடியால் அடிபட்டால் சில்லாகத் தெறிக்கும். ஆணி அறைந்த துளையும், சிறுவர் கல்லெறிந்த இடமும், மடங்கிய மூலையும் இரும்பைத் திறந்துவிடுகின்றன. அங்கே துரு பிடிக்கிறது. துரு பருத்து, பக்கத்துக் கண்ணாடியையும் தள்ளிப் பெயர்க்கிறது. இரண்டு பருவமழையும் உப்புக்காற்றும் உள்ள நம் கடலோரத்தில் இந்தச் சேதம் விரைவாய் நடக்கும்.

ஆகவே செய்யவேண்டிய முதல் வேலை, நடக்கிற சேதத்தை நிறுத்துவது. அதற்கு அதிகச் செலவில்லை, பொறுமை வேண்டும்.

1. பலகையைத் தொடுவதற்கு முன் முன்புறமும் பின்புறமும் புகைப்படம் எடுங்கள். அது எங்கே, எந்த நிலையில் கிடந்தது என்று எழுதுங்கள்.

2. தடித்த போர்வையின்மேல் சமமாகக் கிடத்துங்கள். வளைந்ததைச் சுத்தியால் தட்டி நிமிர்த்த முயலாதிருங்கள். இரும்பு நிமிரும், கண்ணாடி உதிரும்.

3. மெல்லிய தூரிகையால் தூசியை நீக்கி, மிருதுவான சோப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பருத்தித் துணியை நனைத்துத் துடையுங்கள். பின்பு நல்ல தண்ணீரால், கூடுமானால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரால், உப்பு நீங்கத் துடைத்து உடனே உலர்த்துங்கள். தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம்.

4. சுண்ணாம்புத் துளியும் பறவை எச்சமும் ஒட்டியிருந்தால், ஈரத்துணியைச் சற்றுநேரம் போட்டு வைத்து மூங்கில் சீவலால் மெதுவாய் நீக்குங்கள். இரும்பு நாரும் தேய்க்கும் பொடியும் ஆகாது.

5. பித்தளைக்குப் புளியும் எலுமிச்சையும் நல்லவை. எனாமலுக்கு அவை ஆகாது. புளிப்பு கண்ணாடியின் பளபளப்பைத் தின்றுவிடும். கழிப்பறை கழுவும் அமிலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

6. உதிரும் துருவைத் தூரிகையால் நீக்கியபின், துருவுள்ள இடத்தில் மாத்திரம் டானிக் அமிலக் கரைசலைத் தடவும் முறையை அருங்காட்சியகப் பணியாளர் கையாளுகிறார்கள். சிவந்த துரு கருமையான, நிலையான பொருளாக மாறுகிறது. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு மை செய்ததும் இதே விதமான மாற்றத்தால்தான்.

7. முற்றிலும் உலர்ந்தபின் நிறமற்ற மெழுகை மெல்லியதாய்ப் பூசித் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் சிக்குப்பிடித்துத் தூசியைச் சேர்க்கும்.

8. மாட்டும்போது பழைய துளைகளையே உபயோகியுங்கள். பித்தளைத் திருகாணியும் ரப்பர் வளையமும் வைத்து, அளவாய் முடுக்குங்கள். கடற்காற்று படும் வெளிச்சுவரும், எண்ணெய்ப் புகை படும் சமையலறையும் தகுதியான இடங்களல்ல.

பெயர்ந்த இடங்களை நிரப்பவேண்டுமா என்பது அடுத்த கேள்வி. நிரப்பலாம், ஆனால் பின்னாளில் நீக்கத்தக்க பொருளால் நிரப்பவேண்டும். அக்ரிலிக் பிசினும் நிறப்பொடியும் கொண்டு அந்தக் குழியை மாத்திரம் நிரப்புவது முறை. நான்கடி தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்தாமலும், கிட்டவந்து பார்த்தால் இது பின்னால் செய்தது என்று தெரியும்படியும் அது இருக்கவேண்டும். பழைய எழுத்தின்மேல் ஒரு கோடும் படலாகாது. மறுபடியும் சூளையில் வைத்துச் சுடலாம் என்று சிலர் கூறுவார்கள். துருவேறிய பழைய தகடு அந்த வெப்பத்தில் கொப்பளித்து, நிறங்களும் மாறிப்போகும். உள்ளதையும் இழப்பதற்கு அதுவே வழி.

பலகை முழுவதையும் பெயிண்ட் அடித்துப் பளிச்சென்று ஆக்கினால் என்ன என்று கேட்கலாம். அப்படிச் செய்தபின் உங்கள் சுவரில் தொங்குவது இந்த ஆண்டுப் பெயிண்ட் பூசிய ஒரு தகடு. உங்கள் தாத்தா கண்ட பலகை அதற்குக் கீழே மறைந்துபோயிற்று. முதியவர் முகத்துச் சுருக்கத்தை நாம் தேய்த்து அழிப்பதில்லை. துளையும் தழும்பும் அந்தப் பலகையின் வாழ்க்கை.

பிள்ளைகள் உள்ள வீட்டில்

இதை ஜாக்கிரதையாய் வாசியுங்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். சிவப்பு, மஞ்சள் நிறங்களில் காட்மியமும், வெள்ளையில் ஆன்டிமனியும் இருக்கக்கூடும். முழுதாய்ச் சுவரில் தொங்கும்போது அதனால் தீங்கு வருவது அரிது. அதைத் தேய்த்து, அரைத்து, எந்திரத்தால் சுரண்டித் தூளாக்கும்போதுதான் ஆபத்து. ஈயத்தூள் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஆகையால் உப்புத்தாளால் தேய்ப்பதும் எந்திரத்தால் சுரண்டுவதும் வேண்டாம். துருவைத் துடைக்கும்போது முகமூடியும் கையுறையும் அணிந்து, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். பிள்ளைகளும் கர்ப்பவதிகளும் அருகில் இருக்கவேண்டாம். துடைத்த துணியை மற்ற துணிகளோடு துவைக்காதிருங்கள். கண்ணாடிச் சில்லு கண்ணில் தெறிக்கும். கண்ணாடி அணிவது நல்லது. பழைய பலகையைச் சாப்பாட்டு மேசையின் மேற்பரப்பாகவோ உணவு வைக்கும் தட்டாகவோ ஆக்குவது இப்போது நாகரிகமாயிருக்கிறது. அது வேண்டாம்.

வாங்குவோரும் விற்போரும்

விலை உண்டு என்று தெரிந்தவுடன் போலியும் வரும். பழைய படத்தைப் பார்த்துப் புதிதாய்ச் செய்து, உப்பும் அமிலமும் ஊற்றித் துருவேற்றி, பழையதென்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆணித்துளைகளைச் சுற்றி மாத்திரம் அளவெடுத்தாற்போல் துரு இருக்கிறதா? தகடு மெல்லியதாய், பின்புறம் புதியதாய் இருக்கிறதா? உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் பத்திரிகைப் படம்போல் புள்ளிகள் தெரிகின்றனவா? அணாவில் விலையும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடும் ஒரே பலகையில் இருக்கின்றனவா? இவற்றில் ஒன்று இருந்தாலும் சந்தேகியுங்கள்.

புதுப் பலகையைப் புதியதென்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. பாதி நிரப்பப்பட்ட பலகையை முழுமையானதென்று சொல்லி விற்பது பொய்ச்சாட்சி. நீங்களே விற்பவராயிருந்தால், எங்கெங்கே பழுதுபார்க்கப்பட்டது என்பதை எழுதி, பழைய புகைப்படத்துடன் கொடுங்கள். அதனால் விலை சற்றுக் குறையலாம். வாங்கியவரின் நம்பிக்கை குறையாது.

சட்டத்தையும் அறிந்திருங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத சரித்திர முக்கியத்துவமுள்ள பொருள் தொல்பொருள் என்னும் வரையறைக்குள் வரக்கூடும். அத்தகையதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. பெரும்பாலான விவசாயப் பலகைகள் அவ்வளவு பழமையானவையல்ல. ஆயினும் மிகப் பழையதென்று தோன்றினால், வெளிநாட்டில் உள்ள உறவினருக்கு அனுப்புமுன் தொல்லியல் துறையிடம் விசாரியுங்கள்.

இன்னொன்று: பொதுக் கட்டிடத்திலோ பிறர் கடையிலோ தொங்கும் பலகையைக் கேளாமல் கழற்றுவது சேகரிப்பு ஆகாது. பழைய கடையின் சுவரில், தான் பிறந்த இடத்திலேயே தொங்கும் பலகைக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. அதைப் புகைப்படம் எடுத்துவைப்பதே நல்ல சேகரிப்பு.

பிற நாட்டார் செய்தது

இங்கிலாந்தில் இரண்டாம் உலகப்போரின்போது எண்ணற்ற பலகைகள் பழைய இரும்பாய் உருக்கப்பட்டன. பிறகு தொலைக்காட்சியும் பிளாஸ்டிக்கும் வந்து தொழிலையே ஒடுக்கின. 1978இல் கிறிஸ்டோபர் பேக்லி, ஆண்ட்ரூ மார்லி என்னும் இருவர் இப்பலகைகளைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டு, அதற்குத் ‘தெரு நகைகள்’ என்று பொருள்படும் தலைப்பிட்டார்கள். குப்பையென்று எண்ணப்பட்டதை ஜனங்கள் நகையென்று பார்க்கத் தொடங்கினர். நம்மிடம் இருக்கும் தமிழ், மலையாளப் பலகைகளுக்கு அப்படி ஒரு பட்டியல் எழுதப்படவேண்டும். அந்தப் பட்டியல் நகரத்து அலுவலகத்தில் ஆரம்பிக்காது. பூட்டிக் கிடக்கும் நம் வீடுகளின் தொழுவத்தில்தான் ஆரம்பிக்கும்.

இன்றே செய்யத்தக்கது

வாசகர்களே, ஊர்வீட்டை விற்பது சில வேளைகளில் தவிர்க்க முடியாதது. பிள்ளைகளின் படிப்பும் மருத்துவச் செலவும் அதைக் கோருகின்றன. அதற்காக ஒருவரும் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் வீட்டை ஒப்புக்கொடுக்குமுன், உடன்பிறந்தோர் எல்லாரும் ஒருநாள் அங்கே கூடித் தொழுவத்தையும் பரணையும் பாருங்கள். கிடைத்த தகட்டைத் திருப்பிப் பாருங்கள். எழுத்திருந்தால் எடைக்குப் போடாதிருங்கள். அதை யார் வைத்துக்கொள்வது என்பதை எல்லாரும் அறியத் தீர்மானியுங்கள். ஒரு சிறு தகட்டின் நிமித்தம் உடன்பிறப்பின் அன்பு குறைந்துபோகவேண்டாம். ஒருவர் பலகையை வைத்துக்கொண்டால், மற்றவர்களுக்கு அதன் படத்தைச் சட்டமிட்டுக் கொடுக்கலாம்.

பிறகு வீட்டிலுள்ள மூத்தவரிடம் உட்காருங்கள். பெரியப்பாவோ, அத்தையோ, பாட்டியோ, ஒருவர் இருப்பார். இந்தப் பலகை எங்கே தொங்கியது? அந்தக் கடைக்காரர் கடன் கொடுப்பாரா? முதன்முதலாய் உரம் போட்டது எந்த வயலில்? அதற்கு முன்பு என்ன போட்டார்கள்? அந்த ஆண்டு எத்தனை கோட்டை நெல் கண்டது? கடன் அடைபட எத்தனை அறுப்பு ஆயிற்று? அவர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, தேதியிட்டு, ஓர் உறையில் இட்டுப் பலகையின் பின்புறம் கட்டிவையுங்கள். கைப்பேசியில் அவர் குரலையும் பதிவு செய்யுங்கள்.

துருவை நாம் பல ஆண்டுகள் தடுத்து நிறுத்தலாம். மூத்தோரின் ஞாபகத்தை அப்படி நிறுத்திவைக்க இயலாது. பலகை அடுத்த மாதமும் அங்கே கிடக்கும். அதைக் குறித்துச் சொல்லத் தெரிந்தவரிடம் முதலாவது செல்லுங்கள்.